பதில் பெட்டி: மண்ணுக்குள் தலை நுழைத்த பையன்

கேள்வி: ‘டிராக்னெட்’ என்ற பழைய அமெரிக்க போலீஸ் டிவி தொடரில் முகத்தில் நீலம் பூசிய பையன் வரும் கதையை எல்லாரும் கிளாசிக் என்கிறார்களே என்று தேடிப்பிடித்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. எனக்குத்தான் ரசனை இல்லையா?

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. என் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவன் சோபாவிலிருந்து விழாத குறை. 1951 முதல் 1959 வரை கறுப்பு வெள்ளையில் ஓடி முடிந்த தொடர், 1967 ஜனவரி 12 அன்று என்பிசி சேனலில் கலரில் திரும்பி வந்தபோது முதல் கதையாகப் போட்டதே இதைத்தான். லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸின் சிறார் பிரிவு. சார்ஜென்ட் ஜோ ஃபிரைடேயாக ஜாக் வெப், கூட்டாளி பில் கேனனாக ஹாரி மோர்கன். புகார் வந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், ஒருவன் தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கிறான். பிடித்துத் தூக்கினால் முகத்தில் ஒரு பாதி நீலம், மறுபாதி மஞ்சள். கலர் கிடைத்துவிட்டது, அதை ஏன் வீணாக்குவானேன் என்று நினைத்திருப்பார்கள்!

சிரிப்புக்கு இன்னொரு காரணம் வசனம் பேசும் விதம். தொடரைத் தயாரித்து இயக்கியவரும் வெப்தான். நடிகர்கள் மனப்பாடம் செய்து உணர்ச்சி கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. டெலிபிராம்ப்டர் திரையில் ஓடும் வசனத்தை அப்படியே படிக்கச் சொல்லிவிடுவார். போலீஸ்காரர் இரண்டு பேர் பேசும்போது இந்த வறட்டுத்தனம் நன்றாகவே இருக்கிறது. போதையில் உளறும் பையனுக்கும் அதே தாளம் என்றால் எடுபடுமா?

ஆனால் ஒன்று செய்யுங்கள். அந்த முகத்தை மறந்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். கதை தொடங்கும் நேரத்தில் கலிஃபோர்னியாவில் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை வைத்திருப்பது குற்றமே இல்லை. தடைச் சட்டம் அமலுக்கு வந்தது 1966 அக்டோபர் 6-ஆம் தேதிதான். பையன் கையில் இருக்கிறான், என்ன தின்றான் என்பதும் தெரியும், ஆனால் எந்தப் பிரிவில் எழுதுவது? ஃபிரைடேக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும். இங்கே மனிதர் கொஞ்சம் திணறுகிறார். பையன் வீட்டுக்கே திரும்பிப் போகிறான். கடைசியில் இவர்கள் தேடிப் போய்ச் சேரும்போது செத்துக் கிடக்கிறான். இந்தத் திணறலுக்காகத்தான் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எல்எஸ்டி மட்டுமே ஆளைக் கொல்வது மிக அபூர்வம்.

கேள்வி: தடைச் சட்டம் இல்லை என்றால் அந்தப் பையனைப் பிடித்ததே தப்புதானே?

பதில்: அங்கேதான் சிறார் சட்டத்தின் சூட்சுமம். பெரியவரைப் பிடிக்கக் குற்றம் வேண்டும். சிறுவனுக்கு அது தேவையில்லை. அன்றைய கலிஃபோர்னியா சிறார் சட்டம் 601-ஆம் பிரிவுப்படி, சோம்பேறியாகவோ ஒழுக்கம் கெட்டோ போய்விடும் ‘அபாயத்தில்’ இருக்கிறான் என்றாலே கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். அபாயம்! என் பதினாறு வயதில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் உள்ளேயேதான் இருந்திருப்பேன்.

இதன் வேர் 1899. அந்த வருடம் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியது. பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது, அப்பா மாதிரி திருத்த வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்பாவிடம் யாராவது வக்கீலோடு போய் நிற்பார்களா? அதனால் வக்கீல் இல்லை, முறையான குற்றப்பத்திரிகை இல்லை. அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டம்மாவுக்கு ஃபோன் செய்து ஆபாசமாகப் பேசினான் என்று 1964-இல் பிடித்தார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்லவில்லை. புகார் கொடுத்த அம்மா விசாரணைக்கு வரவே இல்லை. கடைசியில், 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் கிட என்று சொல்லிவிட்டார்கள். இதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் ஐந்திலிருந்து ஐம்பது டாலர் அபராதம், இல்லாவிட்டால் மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் ஜெயில். 1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிறுவனுக்கும் வக்கீல் உண்டு, வாய்மூடி இருக்க உரிமை உண்டு, என்ன குற்றம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. நீல முகம் டிவியில் வந்து நாலே மாதம்! ஃபிரைடே பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவர் காலுக்குக் கீழே இருந்த சட்டம் மாறிக்கொண்டிருந்தது.

கேள்வி: “நடந்ததை மட்டும் சொல்லுங்க அம்மா” என்பதுதானே ஃபிரைடேயின் புகழ்பெற்ற வசனம்?

பதில்: எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைப் பரப்பியது 1953-இல் ஸ்டான் ஃபிரீபெர்க் என்ற நகைச்சுவைக் கலைஞர் போட்ட கேலி ரெக்கார்டு. ஃபிரைடே சொன்னது அதற்குக் கிட்டத்தட்ட, ஆனால் அதுவே அல்ல.

கேள்வி: சிறுவர்கள் வரும் ‘டிராக்னெட்’ கதைகளில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்கவே வேண்டாம், கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிய .22 துப்பாக்கிக் கதை. முதலில் 1949-இல் ரேடியோவில் வந்தது, 1952-இல் டிவிக்கு வந்தது. ஒன்பது வயதுப் பையன் காணவில்லை. தேடிப் பார்த்தால் ரத்தமும் ஒரு காலித் தோட்டாவும். கூட விளையாடும் பையனையும் காணோம். கொலையா, கடத்தலா என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நடந்தது இவ்வளவுதான்: பண்டிகை வரை பொறுக்காமல் பரிசைப் பிரித்து விளையாடியிருக்கிறார்கள், தடுக்கி விழுந்ததில் வெடித்துவிட்டது. பயந்துபோன சிநேகிதன் உடலை ஒளித்து வைத்துவிட்டு, அவன் எழுந்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

இதில் ஃபிரைடே யாரைத் திட்டுவார்? செத்த பையனின் அப்பா ஆத்திரத்தோடு அந்தச் சின்னவனைத் தேடிப் போகிறார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைக்கிறோம். மகனுக்கு வாங்கி வைத்திருந்த பரிசுகளை எல்லாம் எடுத்து வந்து அவனிடம் கொடுத்துவிடுகிறார்.