சின் வீரனுக்குத் தலைக்கவசம் உண்டா?

கேள்வி: சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் காலத்தில் நடக்கும் படக்கதை ஒன்று வரைகிறேன். சியான் அருகே கிடைத்த சுடுமண் வீரர்கள்தான் எனக்கு மாதிரி. அவர்கள் தலைக்கவசம் இல்லாமல் நிற்கிறார்களே, போர்க்காட்சியிலும் அப்படியே வரையலாமா? உடம்புக்கு மீன் செதில் போலக் கவசம் போட்டால் போதுமா?

பதில்: வெறுந்தலையாக வரையாதீர்கள். 1974-ல் கிணறு வெட்டியவர்கள் கண்ணில் பட்ட அந்தச் சிலைகள் கொண்டையும் தொப்பியுமாக நிற்பது உண்மைதான். சின் வீரர்கள் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்வார்கள் என்று சாங் யி பேசியதாகப் பழைய குறிப்பும் உண்டு. ஆனால் அவர் சின் அரசின் அமைச்சர், அண்டை அரசனைப் பணியவைக்கப் போனவர். மிரட்டலுக்குச் சொன்னதை வைத்து உடுப்பு வரைய முடியுமா?

1998-ல் அதே கல்லறை வளாகத்தில் வேறொரு குழியில் சுண்ணாம்புக்கல் தகடுகளைச் செப்புக் கம்பியால் கோத்த கவசங்கள் கிடைத்தன. கூடவே தலைக்கவசங்களும் இருந்தன. உச்சியில் வட்டத் தகடு. அதிலிருந்து வரிசை வரிசையாக இறங்கி காது, பிடரி எல்லாம் மூடி, முகத்தை மட்டும் விட்டுவிடும். ஒன்றில் 74 தகடுகள். கல் என்பதால் இவை புதைப்பதற்கென்றே செய்தவை, ஓர் அடி விழுந்தால் உடைந்துவிடும். அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அரக்குப் பூசிய தோலாகவோ இரும்பாகவோ வரையுங்கள்.

செதில் விஷயத்தில்தான் கவனம் தேவை. மீன் செதில் போன்ற பொடித் தகடுகள் தளபதிக்கு. சாதாரண வீரனுடையது பெரிய தகடு. எல்லாத் தகடும் ஒரே பக்கம் படிவதும் இல்லை. மார்பில் மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் படிகிறது, ஓடு வேய்ந்த மாதிரி. வயிற்றுக்கு வந்ததும் தலைகீழ்: கீழ் வரிசை மேல் வரிசையை மூடுகிறது. தோள்காப்பும் அப்படித்தான். குனியும்போதும் கையைத் தூக்கும்போதும் கீழ்த் தகடு இடிக்காமல் மேலே வழுக்கிப் போகவேண்டுமே! சந்தேகம் இருந்தால் அட்டையில் நாலு வரிசை வெட்டி நூலில் கோத்து மடக்கிப் பாருங்கள், நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கோத்த கயிற்றுக்குச் சிவப்பு, தகட்டுக்குக் கரும்பழுப்பு பொருந்தும். குதிரைவீரனுக்குத் தோள்காப்பு போட்டுவிடாதீர்கள். அவன் கவசம் குட்டையானது, இடுப்போடு நின்றுவிடும்.