ரீசெட் செய்தும் 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கிறதா?

பழைய போன் வாங்கி வேறு நிறுவன சிம் போட்டதும், பூட்டைத் திறக்கும் எண்ணான 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்கிறது, ரீசெட் செய்தும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஃபேக்டரி ரீசெட் (போனிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) எத்தனை முறை செய்தாலும் இந்தப் பூட்டு போகாது. வேறு நிறுவன சிம் போட்டதும் பின் கேட்கிறது என்றால், போனை முதலில் விற்ற நிறுவனம் அதைத் தன் சேவையோடு கட்டிவைத்திருக்கிறது. திறக்க வேண்டியதும் அவர்கள்தான். உங்களுடையது பழைய போன். முந்தைய உரிமையாளர் தவணை பாக்கி வைத்திருக்கலாம்.

1. *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) வரும்.

2. அந்த எண்ணைச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள்: பாக்கி உண்டா, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் இருந்தால் பூட்டைத் திறந்தும் பயனில்லை. விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

பின்னை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். சில போன்கள் சில தவறுகளுக்குப் பிறகு சரியான எண்ணையும் ஏற்காது.

"இப்படிப் பூட்டலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தவணை முடியும்வரை பூட்டுவதில் ஓரளவு நியாயம் உண்டு. முழுப் பணமும் கட்டியவரை அலையவிடுவது அடாவடி. கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன் விற்கத் தடை இருக்கிறது.

ஒன்று: பூட்டு திறந்தாலும், புது நிறுவனத்தின் அலைவரிசைகளை உங்கள் மாடல் ஆதரிக்காவிட்டால் சிக்னல் சரியாக வராது.