பாதி வரியில் நிறுத்தாதீர்கள்

வணக்கம் ஐயா,

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பத்து வருடமாகவே இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக பைபிள், குர்ஆன் மொழிபெயர்ப்பு, தேவாரம் என்று எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில பக்கங்களில் கோபம் வந்து மூடி வைத்துவிடுகிறேன். சில இடங்களில் கண் கலங்குகிறது, அதுதான் பெரிய குழப்பமாக இருக்கிறது. நண்பர்கள் 'என்ன, பக்தனாகிவிட்டாயா?' என்கிறார்கள். அம்மாவோ ஒருவழியாகத் திருந்திவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறார். இரண்டுமே இல்லை. நம்பாத ஒருவன் இதையெல்லாம் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

இருக்கிறது. நானும் நம்பிக்கை இல்லாதவன்தான், முப்பது வருடமாக இந்த நூல்களை விடாமல் படித்துவருகிறேன்.

கண் கலங்கியதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்ற பதிகத்தில் அப்பர், குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் என்கிறார். வயிற்றுவலியில் சுருண்டு கிடக்கும் ஒரு மனிதனின் குரல் அது. அவர் அதைச் சிவனிடம் சொல்லி அழுகிறார், நாம் வேறு யாரிடமாவது சொல்வோம், அல்லது யாரிடமும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்போம். வலி ஒன்றுதானே. அதைப் படித்து உங்களுக்குத் தொண்டை அடைத்தால், அடுத்தவர் துன்பம் உங்களுக்கு உறைக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்காக வெட்கப்படாதீர்கள், யாருக்கும் விளக்கமும் சொல்ல வேண்டாம்.

கோபமும் நியாயம்தான். பைபிளின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் அடிமை வைத்திருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு அதற்குச் சட்டம் சொல்கிறது. மனுதர்மம் பிறப்பை வைத்துத் தண்டனையைக் கூட்டிக் குறைக்கிறது. 'அந்தக் காலம் அப்படி' என்று இதைத் தடவிக்கொடுக்க என்னால் முடியாது, நீங்களும் செய்ய வேண்டாம். ஆனால் மூடி வைக்காதீர்கள், கோபத்தோடே அடுத்த பக்கத்தையும் படியுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்து ஆட்களிடம், அதாவது நம்பாதவர்களிடம், ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. 'நட்ட கல்லைத் தெய்வமென்று நாலு புட்பம் சாத்தியே' என்ற சித்தர் சிவவாக்கியரின் பாட்டை மேடைக்கு மேடை எடுத்துச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். 'நட்ட கல்லும் பேசுமோ' என்று கேட்டு நிறுத்தியதும் கைதட்டல் வரும். அந்த வரி அங்கே முடியவில்லை. 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்பதுதான் முழு வரி. கடவுள் இல்லை என்றா அவர் சொல்கிறார்? உள்ளே இருப்பவனை விட்டுவிட்டுக் கல்லைச் சுற்றுகிறாயே என்று ஒரு பெரிய நம்பிக்கையாளர் அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். அரை வரியை வெட்டி நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டோம், அவரைக் கேட்கவே இல்லை. முழு வரியும் உறைத்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த நூலை எடுத்தாலும் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது. அவர் நம்பியதை நான் நம்ப வேண்டியதில்லை, ஆனால் அவர் அதை முழு மனதோடு நம்பினார் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் ஒரு வரியும் பிடிபடாது.

எங்கே தொடங்குவது? யோபு. பைபிளில் 42 அதிகாரம் உள்ள ஒரு புத்தகம். ஒரு நல்ல மனிதனுக்குப் பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போகிறது. மூன்று நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் எதுவும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவரை அவர்களைப் போல நண்பர்கள் யாருக்குக் கிடைப்பார்கள் என்று தோன்றும். அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா என்று ஆளாளுக்கு அறிவுரை. யோபு மசியவில்லை, நான் குற்றமற்றவன், கடவுளே வந்து பதில் சொல்லட்டும் என்கிறான். 38ஆம் அதிகாரத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார், ஆனால் காரணம் சொல்வதில்லை, 'நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?' என்று திருப்பிக் கேட்கிறார். கடைசியில் அவர் கோபித்துக்கொள்வது யார்மேல் தெரியுமா? தனக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். யோபு பேசியதுதான் சரி என்கிறார். ஒரு வேத நூல் தன் பக்கம் நின்றவர்களையே இப்படி உட்கார வைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முடிவில் யோபுக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது, மறுபடி பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். செத்துப்போன பத்துப் பேருக்கு அது எப்படி ஈடாகும் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரிக்வேதத்தில் 10ஆம் மண்டலத்து 129ஆம் சூக்தத்தையும் (பாடலையும்) பாருங்கள், சின்னது. இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது, மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது.

குர்ஆனை முதலிலிருந்து வரிசையாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 114 அத்தியாயங்களும் காலவரிசையில் இல்லை, பெரும்பாலும் நீளமானவை முன்னே, குறுகியவை பின்னே. இரண்டாவது அத்தியாயமே 286 வசனம், புதிதாக வருபவர்கள் அங்கேயே களைத்துவிடுகிறார்கள். கடைசியில் இருக்கும் சிறிய அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் பல, நபியின் மெக்கா காலத்துத் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்த வேகமும் அச்சமும் மொழிபெயர்ப்பிலேயே தெரியும்.

புரியாத இடத்தில் நம்புகிறவர்களிடம் போய்க் கேளுங்கள். உ.வே.சாமிநாதையர் சைவர். சீவக சிந்தாமணியோ சமணக் காப்பியம். சமணர்களைத் தேடிப் போய் அவர்கள் சமயத்தை மாணவனைப் போலக் கேட்டுக் கற்றுக்கொண்டுதான் 1887இல் அதைப் பதிப்பித்தார். உங்களுக்கு அவ்வளவு அலைச்சல்கூட இல்லை, வீட்டிலேயே அம்மா இருக்கிறார். அவருக்குப் பிடித்த பதிகத்தை வாய்விட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது வருடம் பாடி வந்த ஒருவர் எந்தச் சொல்லில் நிற்கிறார், எங்கே குரல் இறங்குகிறது என்பதெல்லாம் அச்சில் வராது. நீங்கள் திருந்திவிட்டதாக அவர் நினைத்தால், இல்லை அம்மா, எனக்கு இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

யோபுவைப் படித்து முடித்ததும் எழுதுங்கள். எந்த இடத்தில் மூடி வைக்கத் தோன்றியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.