யார்டில் கடல் புகுந்தால் ரயில் என்ன ஆகும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரையேறியபோது அந்த மாநிலத்தின் புறநகர் ரயில்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அதைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். நான் மின்சார ரயில் பராமரிப்பில் எலக்ட்ரிகல் பக்கம் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன், அதனால் சில பதில்கள் நீளமாகப் போகும்.

கேள்வி (எடிசனிலிருந்து): அண்ணா, மொத்தம் எத்தனை வண்டி போச்சு? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

இன்ஜினும் பெட்டியும் சேர்த்து 343. அந்த மாநிலத்தின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான என்ஜே டிரான்சிட்டிடம் அப்போது இருந்ததில் ஏறத்தாழ கால்வாசி. கெர்னியில் இருக்கும் மெடோஸ் பராமரிப்பு வளாகத்திலும் ஹோபோகன் யார்டிலும் நிறுத்தி வைத்திருந்தவை இவை, வாங்கிச் சில வருடமே ஆன மாடிப் பெட்டிகளும் இதில் உண்டு. வண்டிகளின் சேதம் மட்டும் சுமார் 12 கோடி டாலர் என்றார்கள். அதே புயலில் பக்கத்து நியூயார்க்கின் போக்குவரத்து நிறுவனமான எம்டிஏ, இதைவிடப் பல மடங்கு பெரியது, அதற்குச் சேதமானது 19 பெட்டிதான். தாழ்வான யார்டுகளில் நின்றதை முன்கூட்டியே மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கேள்வி: கெர்னி பக்கம் வெள்ளம் வரும் என்று யாருக்குமே தெரியாதா?

வரைபடத்தில் பாருங்கள், பசேயிக் ஆறும் ஹாக்கன்சாக் ஆறும் இரண்டு பக்கமும் ஓட, நடுவில் சதுப்பு நிலத்தில் இருக்கிறது அந்த வளாகம். நிர்வாகம் சொன்ன காரணம், அந்த இடத்தில் அதற்கு முன் வெள்ளம் வந்ததே இல்லை என்பது. முந்தின வருடம் 2011-இல் ஐரீன் புயல் வந்தபோதும் அங்கே தண்ணீர் ஏறவில்லை. சரி, ஆனால் சாண்டி கரையேறுவதற்கு முந்தின நாளே நியூயார்க் துறைமுகம், ராரிட்டன் வளைகுடாப் பக்கம் கடல் 6 முதல் 11 அடி வரை ஏறலாம் என்று அமெரிக்கப் புயல் மையம் எச்சரித்துவிட்டது. அந்த அடிக்கணக்கை யார்டின் தரைமட்டத்தோடு வைத்துப் பார்க்க ஒரு ஆள், ஒரு காகிதம் போதும். "இதுவரை வந்ததில்லை" என்பதை வைத்து முடிவெடுத்ததில்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி (ஹோபோகன்): தண்ணீர் வடிந்தபின் காயவைத்து ஓட்ட முடியாதா சார்? மோட்டார்தானே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரயிலின் உயிர்நாடி எல்லாம் பெட்டியின் தரைக்கு அடியில்தான் தொங்குகிறது: பேட்டரி, பிரேக் வால்வு, இன்வெர்ட்டர், சக்கரத்தோடு சேர்ந்த பேரிங். கடல்நீர் உள்ளே போய் வடிந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். வெயிலில் காய்ந்து சரியானது போலத் தெரியும். ராத்திரி பனி விழுந்ததும் அதே உப்பு ஈரத்தை இழுத்து, டெர்மினலுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். உப்புநீரில் மூழ்கிய ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைச் சில நாள் கழித்துத் திறந்திருக்கிறேன். ஒயர் முனையில் மாட்டும் செம்பு லக்கின் மேல் பச்சையாகப் பாசி போலப் படிந்திருந்தது, விரலால் தொட்டால் பொடியாக வந்தது. ஒயரின் உறையை ஒரு அடி சீவிப் பார்த்தேன், உள்ளேயும் கறுத்திருந்தது. ஒயருக்குள் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். பேரிங்கைப் பிரித்தால் கிரீஸ் காபியில் பால் கலந்த நிறத்தில் இருக்கும், அதை அப்படியே ஓட்டினால் ஓடும்போதே சூடேறி அச்சு முறியலாம். அதனால் மூழ்கிய சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் லைனில் விடவே கூடாது. உடனே நல்ல தண்ணீரில் கழுவி, மிதமான சூட்டில் நாட்கணக்கில் உலர்த்தி, மெக்கர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷன் (மின்காப்பு) பார்த்து, தேறாததை மாற்றி... ஒரு பெட்டிக்கே இவ்வளவு வேலை, முந்நூறுக்கு மேல் என்றால் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (தாம்பரம்): நம்ம ஊரில் மழைத்தண்ணீர்தானே, உப்பு இல்லையே?

உப்பு இல்லாதது நல்லதுதான், பிழைக்கும் பாகங்கள் அதிகம். ஆனால் தண்டவாளத்தில் தேங்குவது சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாண்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மிமீ பெய்தபோது அங்கத்திய லோக்கல் ரயில்கள் இந்தச் சேற்றில்தான் மாட்டின. மோட்டார் அடியில் இருப்பதால், தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் வண்டியை நிறுத்துகிறார்கள். மழை நாளில் ஸ்டேஷனில் நின்று கோபப்படும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

கேள்வி: என்ஜே டிரான்சிட்டிடம் புயல் திட்டமே இல்லையா?

இருந்தது, மூன்றரைப் பக்கம். ஒரு பத்திரிகை கேட்டபோது முழுக்கக் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். எம்டிஏ தன்னுடைய விரிவான திட்டத்தைத் தந்தது. என்னைக் கேட்டால் பக்கக் கணக்கு பெரிதல்ல. கடல் இத்தனை அடி என்ற முன்னறிவிப்பு வந்தால் வண்டிகளை நகர்த்து, இந்த லைனில் கொண்டுபோய் நிறுத்து, உத்தரவு இன்னார் கையில், கரையேறுவதற்கு இத்தனை மணி நேரம் முன் தொடங்கு. இந்த நான்கும் எழுதியிருந்தால் அரைப் பக்கம் போதும். வீணாக நகர்த்தினால் நஷ்டம் ஓரிரு நாள் ஓவர்டைம். நகர்த்தாமல் விட்டதன் விலை மேலே சொன்ன 343.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கொடுத்ததா?

பாலிசி 40 கோடி டாலர். வெள்ளத்துக்கு வரம்பு 10 கோடிதான் என்று நிறுவனங்கள் வாதாடின. வழக்கு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 2021-இல் டிரான்சிட் பக்கம் தீர்ந்தது.

கேள்வி: ஜப்பான்காரர்கள் இப்படி விடுவார்களா?

விட்டார்கள். 2019 அக்டோபர் 13, ஹகிபிஸ் புயல், சிகுமா ஆறு கரை உடைந்து நாகானோ யார்டில் நின்ற ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) 10 வண்டி, 120 பெட்டி மூழ்கின. எல்லாம் கழித்துக் கட்டப்பட்டன. நகரத்தின் வெள்ள வரைபடத்தில் அந்த இடம் ஏற்கெனவே வெள்ளப் பகுதியாகத்தான் குறிக்கப்பட்டிருந்தது. நம் ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி (ஜெர்சி சிட்டி): சுரங்கப்பாதைகள் இப்போது சரியாகிவிட்டதா?

நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஓடும் பாத் (PATH) ரயிலின் ஹோபோகன் நிலையத்தை அந்த வருடம் டிசம்பர் 19 வரை திறக்க முடியவில்லை, லிஃப்ட் கதவு வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்த கேமரா படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1910-இல் திறந்த ரயில் சுரங்கங்களில் அன்று புகுந்த உப்பு இன்னும் கான்கிரீட்டையும் கேபிளையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. புதுச் சுரங்கம் கட்டுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: தினமும் ரயிலில் போகிற நாங்கள் என்ன செய்து வைத்துக்கொள்வது தம்பி? எனக்கு வயது 61.

அக்கா, முதலில் ரயில் திரும்ப வரும் நாளை ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணாதீர்கள், வாரக்கணக்கில் யோசியுங்கள். காரில் போய்க்கொள்ளலாம் என்பதும் நடக்காது. சாண்டிக்குப் பிறகு பெட்ரோல் கிடைக்காமல், நவம்பர் 3 முதல் 12 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போல) வண்டி நம்பர் ஒற்றை, இரட்டை பார்த்துத்தான் போட்டார்கள். வேலைக்குப் போக இன்னொரு வழி, பஸ்ஸோ ஃபெர்ரியோ, நல்ல நாளிலேயே ஒரு தடவை போய்ப் பாருங்கள். கைப்பையில் மூன்று நாள் மாத்திரை, டார்ச், கொஞ்சம் ரொக்கம், முக்கிய நம்பர்கள் எழுதிய சீட்டு. ரயில் தண்ணீரில் நின்றுவிட்டால் அவசரப்பட்டுக் கீழே குதிக்காதீர்கள். பாத் ரயிலில் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்திலேயே கரண்ட் ஓடுகிறது, அது நிறுத்தப்பட்டதா என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்டக்டர் இறங்கச் சொல்லும்வரை பெட்டியிலேயே இருங்கள், புகை வந்தால் மட்டும் அடுத்த பெட்டிக்கு நகருங்கள்.