கேட்டது கேட்டபடி: பேஸ்காரனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மும்பை நாரிமன் பாயின்ட்டில் ஒரு சிறிய அரங்கில் கேட்ட ஜாஸ் கச்சேரியைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். சாக்ஸபோன், பியானோ, டபுள் பேஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம், கனத்த குரல்), டிரம்ஸ் என்று நான்கு பேர், எட்டு உருப்படி. ஐந்து பழைய ஸ்டாண்டர்ட் (ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் தெரிந்த பாட்டு), மூன்று அவர்களே இயற்றியவை. பேஸ் வாசித்தவன் என் அக்கா பேரன் என்பதையும் ஒளிக்கவில்லை. ஆராதனை உற்சவத்தைப் பற்றி எழுதினால் இரண்டு கடிதம் வரும். இதற்கு ஒரு கட்டு வந்திருக்கிறது, பாதிக்கு மேல் சண்டை.

கே: பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிறான் என்று பாந்த்ராவில் ஒரு கஃபேக்குப் போனேன். தொடக்கத்தில் ஒரு மெட்டு, முடிவில் அதே மெட்டு. நடுவில் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். ஒத்திகை பார்க்காமல் வந்துவிட்டார்களா? (முலுண்ட் வாசகர்)

ப: ஆளுக்கொரு திசை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு அடியில் ஓடுகிறது, மேலே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஆதி தாளம் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய ஸ்டாண்டர்டுகளில் பலவும் 32 பார் நீளம். பாருக்கு நான்கு அடி. இரண்டு பார் சேர்ந்தால் நமக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு முழுத் தாளம். ஆக முழுப் பாட்டும் 16 ஆவர்த்தனம். முதல் நான்கு ஆவர்த்தனத்தில் ஒரு மெட்டு, அடுத்த நான்கில் அதுவே மறுபடியும், மூன்றாவது நான்கில் வேறொரு மெட்டு, கடைசி நான்கில் பழையது. நிறையப் பாட்டுகளுக்கு இதுதான் அச்சு. எல்லோரும் சேர்ந்து இதை ஒருமுறை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு சாக்ஸபோன்காரர் அதே 16 ஆவர்த்தனத்தின் மேல் தன் கற்பனையை விரிப்பார். வினாடிக்கு இரண்டு அடி என்ற வேகத்தில் ஒரு சுற்று 64 வினாடி. அவர் மூன்று சுற்று வாசித்துவிட்டு நகர்ந்தால், பியானோவின் முறை.

நம் கல்பனா ஸ்வரத்தில் (ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடுவது) பாடகர் ஒவ்வொரு முறையும் எடுப்புக்கு, அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து நின்று, 'இதோ வந்துவிட்டேன்' என்று காட்டுவார். இங்கே அந்த உபசாரமெல்லாம் கிடையாது. சுற்று எங்கே முடிகிறது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் கண்ட வழி பேஸ்காரனைப் பிடித்துக்கொள்வது. மற்றவர்கள் எங்கே பறந்தாலும் அவன் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருப்பான். பார் தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் அந்த இடத்துக்கு உரிய ஆதார ஸ்வரத்தை வைத்துவிட்டுத்தான் மேலே நகர்வான். தாதர் ஸ்டேஷன் நெரிசலில் குழந்தை அம்மாவின் தலைப்பைப் பிடித்துக்கொள்வதைப் போலப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நம் கை ஒன்றாம் அடியில் ஓங்கி விழும். டிரம்ஸ்காரரின் இடது கால், ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலை இரண்டிலும் நான்கிலும் 'ச்சிக்' என்று மூடும். நம் தாளத்தில் அது சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் இரண்டு வீச்சிலும் விழும். முதல் தடவை கேட்டபோது, "பாவம், டிரம்ஸ்காரருக்குத் தாளம் நழுவிவிட்டது" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் டிரம்ஸ்காரரின் அப்பா.

கே: வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டுகிறார்களே, மரியாதைக் குறைவு இல்லையா? (செம்பூர் வாசகி)

ப: ஒருவரின் தனி முடிந்ததும் தட்டுவது அங்கே வழக்கம். நாம் நடுவில் 'பலே' போடுவதில்லையா? எனக்கு மரியாதைக் குறைவாகப் படுவது வேறு. பேஸ்காரன் தனி வாசிக்கத் தொடங்கியதும் சபை பேச ஆரம்பித்துவிடுகிறது. ஓர் உணவகத்தில் (பெயர் வேண்டாம்) சரியாக அந்த நேரம் பார்த்துக் காபி இயந்திரத்தை ஓட விட்டார்கள். என் அக்கா பேரன் வாசிக்கவில்லை, வாயசைக்கிறான் என்றே அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கே: மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். ஜாஸ்காரர்களோடு உட்கார்ந்தால் எனக்கு ஏதாவது பிடிபடுமா? (தாராவி மாணவர்)

ப: பிடிபடும், ஆனால் முதலில் சறுக்கும். டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' 1959இல் பதிவானது, இயற்றியவர் அந்தக் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். ஐந்து அடி என்றதும் நான் கண்ட சாபு தாளத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒட்டவில்லை. நம் கண்ட சாபு 'தக தகிட', இரண்டும் மூன்றும். அது மூன்றும் இரண்டும், 'தகிட தக'. மாற்றிப் போட்டுப் பாருங்கள், கை தானாக உட்கார்ந்துவிடும்.

நம்மவர்கள் போகாத இடமில்லை. 1970களில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராம் கடத்தோடு உட்கார்ந்தார். பெங்களூரில் டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், ஆர்.ஏ. ராமமணியின் குரலோடு, சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து 1983இல் 'ஜோதி' என்ற இசைத்தட்டைத் தந்தது. தேடிக் கேளுங்கள். அதில் சொற்கட்டு (தாளச் சொற்களை வாயால் சொல்வது) வரும் இடங்களை உங்கள் குருவிடமும் போட்டுக் காட்டுங்கள்.

கே: தாஜ் ஹோட்டலில் அந்தக் காலத்தில் கறுப்பின அமெரிக்கர்கள் வாசித்ததாக என் அப்பா சொல்வார். கதையா? (டோம்பிவிலி வாசகர்)

ப: கதையில்லை. 1935இல் லியான் ஆபி தன் குழுவோடு தாஜுக்கு வந்தார். பின்னால் டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோ கலைஞர் அங்கே வாசித்தார். அவர் 1945இல் கல்கத்தாவில் இறந்தார். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் கோவாக்காரர்கள். மாதா கோவில் பள்ளிகளில் சிறுவயதிலேயே வயலினும் ஸ்வரக் குறிப்பு வாசிப்பும் கற்றவர்கள் என்பதால், வந்த கலையைச் சட்டென்று பற்றிக்கொண்டார்கள். ட்ரம்பெட் வாசித்த சிக் சாக்லேட்டுக்கு, அமெரிக்க ட்ரம்பெட் மேதையின் பெயரால், இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே பெயர். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். இரவில் ஹோட்டல், பகலில் சினிமா ஸ்டூடியோ என்று இவர்கள் பலருக்கும் பிழைப்பு ஓடியது. உங்கள் அப்பா முணுமுணுத்த பழைய இந்திப் பாட்டுகளின் இடையிசையில் இவர்கள் மூச்சுதான் இருக்கிறது.

கே: தெரிந்த பாட்டுகளை வாசித்தால் போதாதா? சொந்தமாக இயற்றி ஏன் நம்மைச் சோதிக்கிறார்கள்? (மாட்டுங்கா வாசகர்)

ப: தெரிந்தவை எல்லாம் ஒருகாலத்தில் தெரியாதவைதானே. ஸ்டாண்டர்ட் என்று இன்று கும்பிடுகிறவற்றில் பெரும்பங்கு நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதியவை. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் ஒரு மேடை நாடகத்துக்காக 'ஐ காட் ரிதம்' என்ற பாட்டுக்கு இசையமைத்தார். அதன் மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் கார்டு வரிசையை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளின் வரிசை) மட்டும் வைத்துக்கொண்டு, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் முதலானோர் புதிது புதிதாக உருப்படி செய்தார்கள். நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டு, இருக்கிற மெட்டில் புது வரி எழுதுவார்களே, அதற்கு நேர் தலைகீழ். வரியும் போயிற்று, மெட்டும் போயிற்று, அஸ்திவாரம் மட்டும் பழையது. இதில் எது சொந்தம், எது பழையது என்று கோடு கிழிப்பீர்கள்?

அன்றைய மூன்றில் ஒன்று தேறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பியானோக்காரர் எழுதியது, மெட்டே முடியாமல் நீண்டது. என் அக்கா பேரன் எழுதியது ஏழு அடித் தாளம். ஹார்பர் லைன் வண்டி தண்டவாள இணைப்பைத் தாண்டும் சத்தத்திலிருந்து பிறந்தது என்றான். சொந்தக்காரி என்பதால் மதிப்பெண் போடவில்லை.

கே: அவ்வளவு பெரிய வாத்தியத்தை உங்கள் பேரன் ரயிலில் எப்படிக் கொண்டு போகிறான்? (செம்பூர்ச் சிறுமி, ஆறாம் வகுப்பு)

ப: லக்கேஜ் பெட்டியில், கண்ணே. வாத்தியம் அவனைவிட உயரம். மீன் கூடைகளுக்கு நடுவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றியதும் கூடமெல்லாம் வாவல் மீன் வாசனை. "பாட்டி, கற்பூரம் வைக்கலாமா?" என்று கேட்டான். மூன்று நாள் மொட்டை மாடியில் உறையைக் காயப்போட்டோம். காக்கைகள் விடவில்லை.

கே: ஒன்றே ஒன்று கேட்பதாக இருந்தால் எதைக் கேட்பது? (வாஷி வாசகி)

ப: ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்', 1959. மெதுவான சிறு முன்னுரைக்குப் பிறகு மெட்டைச் சொல்வதே பேஸ்தான். பால் சேம்பர்ஸ் வாசிக்கிறார். அவர் கேட்கிறார், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்கிறார்கள். ஸ்வரங்கள் நம் கரஹரப்பிரியா ராகம்தான், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) மட்டும் இல்லை. எட்டு ஆவர்த்தனம் இப்படிப் போனபின், தம்புரா போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் அரை சுருதி ஏற்றிவிட்டதைப் போல எல்லாமே ஒரு படி மேலே போகும். நான்கு ஆவர்த்தனம் கழித்துப் பழைய இடத்துக்கு இறங்கும். இறங்குகிற இடத்தை முதல் தடவை தவறவிட்டுவிடுவீர்கள். மறுபடி முதலிலிருந்து போடுங்கள், ஒன்பது நிமிடச் சொச்சம்தான்.