பழைய வானொலி நகைச்சுவையை வகுப்பில் ஒலிக்கவிட உரிமம் வேண்டுமா?

கேள்வி: நான் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ‘அவர் மிஸ் புரூக்ஸ்’ (Our Miss Brooks) என்னும் பழைய அமெரிக்க வானொலித் தொடரை ஒன்பதாம் வகுப்பின் கேட்டல் பயிற்சிக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். இணையத்தில் ஒருவர், பென் டிரைவில் முழுத் தொகுப்பும் ‘பள்ளிப் பயன்பாட்டு உரிமச் சான்றிதழும்’ தருவதாகக் கூறிப் பணம் கேட்கிறார். அது இல்லாமல் ஒலிக்கவிட்டால் சிக்கல் வருமா?

பதில்: வராது. கல்வி நிறுவனத்தின் பணிகளின் ஊடாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கேட்போர் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளிப் பணிகளோடு தொடர்புடையோர் ஆகியோராக மட்டும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மிஸ் புரூக்ஸ் தாராளமாகப் பேசலாம். ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் மட்டும் வந்தால் சலுகை நீடிக்கும். அழைப்பிதழ் அடித்து ஊரையே கூப்பிட்டால் நீடிக்காது. வகுப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றினாலோ, சலுகை அப்போதே போய்விடும். ஆர்வம் மிகுந்த தலைமையாசிரியர்கள் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

இனி அந்தச் சான்றிதழுக்கு வருவோம். ஈவ் ஆர்டன் ஆங்கில ஆசிரியை கானி புரூக்ஸாகவும், கேல் கார்டன் சிடுசிடுக்கும் தலைமையாசிரியர் காங்க்ளினாகவும் நடித்த இத்தொடர் சிபிஎஸ் வானொலியில் 1948 முதல் 1957 வரை ஒலித்தது. இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டுகளில் முடிகிறது. கதைவசனத்தின் உரிமை வேறு, அது எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு தொடரும். அமெரிக்காவிலோ, பிரதிகளாக வெளியிடப்படாமல் ஒலிபரப்பு மட்டுமே ஆன பழைய பதிவுகளுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் 15.02.2067 வரை காவல் போட்டிருக்கிறது. 1948இல் சோப்பு விற்பதற்காக ஒலிபரப்பான சிரிப்புக்கு 119 ஆண்டுக் காவல் எதற்கு என்று அந்த நாட்டுச் சட்டமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். உரிமை யாரிடம் இருக்கிறது என்று எளிதில் தெரிந்துகொள்ள முடியாத இந்தக் குழப்பமே இத்தகைய இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு. உரிமையாளரின் பெயரையும், அவர் இவருக்கு அளித்த ஒப்பந்தத்தின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். ‘காப்பிரைட் ஃப்ரீ’ என்று பதில் வந்தால், உரிமையே இல்லாத பொருளுக்கு உரிமம் எப்படி விற்கிறீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள்.

‘முழுத் தொகுப்பு’ என்பதையும் நம்பாதீர்கள். ஒரே அத்தியாயம் இரு தலைப்புகளில் இரண்டாக எண்ணப்பட்டிருக்கும். அமெரிக்கப் படை வானொலிக்காகக் கோல்கேட் பாமாலிவ் விளம்பரங்களை நீக்கித் தயாரித்த பிரதிகளும் தனி அத்தியாயங்களாகக் கணக்கில் ஏறியிருக்கும். இவை இணையத்தில் இலவசமாகவே கேட்கக் கிடைப்பவை. அவர் விற்பதும் பெரும்பாலும் அங்கிருந்து இறக்கியதாகத்தான் இருக்கும். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ரசீதையும் உரையாடலின் திரைப்பிடிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளியுங்கள்.