பைத்தானில் படங்களைச் சுருக்குவது: கேள்விகளும் என் பதில்களும்

பைத்தானில் பில்லோ (படங்களைக் கையாளும் நூலகம்) வைத்துப் படங்களைச் சுருக்குவது, வடிவம் மாற்றுவது, எடை குறைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பிஎச்பி கொஞ்சம் தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் படங்களை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கே: சார், ஃபைல் வெறும் 5 எம்பிதான். 6000×4000 போட்டோ. திறந்து, நேராகத் திருப்பி, ஆர்ஜிபியாக (சிவப்பு, பச்சை, நீலம்) மாற்றி, சுருக்கிச் சேமிக்கிறேன். 512 எம்பி ரேம் உள்ள சர்வர் அடிக்கடி செத்துவிடுகிறது. 5 எம்பிக்கு எதற்கு இவ்வளவு மெமரி?

சார் இல்லை, அக்கா. நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

5 எம்பி என்பது ஜேபெக் சுருக்கி மடித்து வைத்திருக்கும் நிலை. பிக்சலாக விரித்தால்தான் அதில் வேலை செய்ய முடியும். 6000×4000 என்றால் 2.4 கோடி பிக்சல். பிக்சலுக்கு மூன்று பைட் என்று கணக்குப் போட்டால் 72 எம்பி வரும், ஆனால் பில்லோ ஆர்ஜிபி படத்தை உள்ளுக்குள் பிக்சலுக்கு நான்கு பைட்டாகத்தான் வைத்துக்கொள்கிறது, ஆகவே 96 எம்பி. நீங்கள் திருப்பும்போது புதிதாக ஒரு நகல், ஆர்ஜிபியாக மாற்றும்போது இன்னொரு நகல். பழையதை விடாமல் வைத்திருந்தால் ஒரே படத்துக்கு 288 எம்பி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவேற்றினால் 576. உங்கள் சர்வர் ஏன் சாகிறது என்று இப்போது தெரிகிறதா? ஃபைல் 5 எம்பியா 15 எம்பியா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? நீள அகலம் மட்டும்தான் வருகிறது.

வழி என்னவென்றால், முதல் வேலையாகத் தம்ப்நெயில் (கொடுத்த சட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கும் ஃபங்ஷன்) செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஓபன் என்பது ஃபைலின் தலைப்பகுதியை மட்டும் படிக்கும், பிக்சலைத் தொடாது. அந்த நிலையிலேயே தம்ப்நெயிலைக் கூப்பிட்டால், ஜேபெக்காக இருக்கும் பட்சத்தில், அதை முழுதாக விரிக்காமல் பாதியாகவோ கால்வாசியாகவோ எட்டில் ஒன்றாகவோ விரிக்கும் வசதியைப் பில்லோ தானே பயன்படுத்திக்கொள்ளும். உங்கள் படத்தை 1200×1200 சட்டத்துக்குள் கேட்டால் 3000×2000 ஆக விரித்து அங்கிருந்து சுருக்கும், 96 எம்பி வேலை 24 எம்பியில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் திருப்புவதையோ மாற்றுவதையோ செய்துவிட்டால் முழுப் படமும் விரிந்துவிடும், பிறகு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் ஸ்கிரிப்டில் நடப்பது இதுதான். வரிகளின் வரிசையை மாற்றுங்கள், போதும்.

கே: தம்ப்நெயில் செய்தால் படத்துக்குப் பதிலாக நன் (None, ஒன்றுமில்லை) என்று வருகிறது, அடுத்த வரியில் எரர்.

தம்ப்நெயில் இருக்கிற படத்தையே மாற்றும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையை மாறியில் போடாதீர்கள். ரீசைஸ் நேர் எதிர், புதுப் படம் தரும், பழையதைத் தொடாது. இன்னொன்று, ரீசைஸ் நீள அகல விகிதத்தைப் பார்க்காது. 800×800 என்று கொடுத்தால் ஆள் முகத்தை அப்படியே நசுக்கிக் கொடுக்கும்.

கே: போனில் நிமிர்த்து எடுத்த போட்டோ சுருக்கிய பிறகு படுத்துக்கிடக்கிறது. எல்லாப் படமும் அப்படி இல்லை, சிலது மட்டும்.

போன் பல சமயம் பிக்சல்களைப் படுத்த நிலையிலேயே எழுதிவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃபில் (போட்டோ ஃபைலோடு சேர்ந்து வரும் தகவல் பகுதி) ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். 274ஆம் எண் குறிப்பு அது, மதிப்பு 1 முதல் 8 வரை. 1 என்றால் திருப்ப வேண்டாம், 6 என்றால் கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்ப வேண்டும். நீங்கள் சேமிக்கும்போது எக்ஸிஃபைக் கையில் கொடுக்காவிட்டால் பில்லோ அதை விட்டுவிடும். குறிப்பு போய்விட்டது, பிக்சல் படுத்தே கிடக்கிறது. பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, சேமிப்பதற்கு முன் அதைக் கூப்பிடுங்கள். மேலே சொன்னபடி, தம்ப்நெயிலுக்குப் பிறகு. சட்டம் சதுரமாக இருந்தால் இந்த வரிசையில் சிக்கல் இல்லை. 1200×800 மாதிரி இருந்தால் இப்படித் திருப்ப வேண்டிய படத்துக்கு எண்களை மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிமிர்ந்த படங்கள் மட்டும் வேறு அளவில் வரும்.

கே: விண்ணப்பத்துக்குப் படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். குவாலிட்டி எவ்வளவு வைத்தால் 50 வரும்?

அப்படி ஒரு எண் கிடையாது. வெறும் சுவர் படமும் மரத்தடி படமும் ஒரே குவாலிட்டியில் ஒரே எடை வராது. முதலில் நீள அகலத்தைக் குறையுங்கள், 4000 பிக்சல் படத்தைக் குவாலிட்டி 5 வைத்துக் கொல்லாதீர்கள். பிறகு 30க்கும் 90க்கும் நடுவில் பாதிபாதியாகத் தேடுங்கள். 60 வைத்து பைட்ஸ்ஐஓவில் (மெமரிக்குள்ளேயே இருக்கும் ஃபைல் மாதிரி) சேமித்து நீளம் பாருங்கள், அதிகம் என்றால் 45, குறைவு என்றால் 75. ஆறு சுற்றில் முடிந்துவிடும், டிஸ்கில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் விரித்து வைத்த அதே படத்திலிருந்து சேமியுங்கள், போன சுற்றில் வந்த ஜேபெக்கைத் திறந்து மறுபடி சேமித்தால் தரம் மேலும் மேலும் கெடும். 50 கேபி என்பதைச் சிலர் 50,000 பைட் என்பார்கள், சிலர் 51,200 என்பார்கள். 50,000க்குக் கீழே வைத்தால் இரண்டு பக்கமும் வம்பில்லை.

கே: பிஎன்ஜியில் குவாலிட்டி 20 கொடுத்தும் அளவு குறையவில்லையே?

குறையாது. பிஎன்ஜி இழப்பில்லாத வடிவம், அந்த எண்ணைப் பில்லோ சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். போட்டோ என்றால் ஜேபெக்கோ வெப்பியோ. ஸ்கிரீன்ஷாட் என்றால் குவான்டைஸ் செய்து 256 நிறத்துக்குக் குறைத்துப் பாருங்கள்.

கே: டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 300லிருந்து 72 ஆக்கினால் எடை குறையுமா அக்கா?

குறையாது. அது அச்சடிப்பவருக்கான குறிப்பு, ஒரு பிக்சல்கூட மாறாது.

கே: இத்தனை பாடு எதற்கு? இமேஜ்மேஜிக்கில் (கட்டளை தட்டிப் படங்களை மாற்றும் கருவி) மோக்ரிஃபை கட்டளை ஒரே வரி, மொத்த ஃபோல்டரும் முடிந்தது. பைத்தான் வீண் வேலை.

வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். இமேஜ்மேஜிக் நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மோக்ரிஃபை அசல் ஃபைலின் மேலேயே எழுதும். பாத் என்ற தெரிவைக் கொடுத்து வேறு ஃபோல்டரைக் காட்டினால்தான் அசல் தப்பும். இதைச் சொல்லாமல் "ஒரே வரி" என்று புதியவர்களிடம் கொடுப்பது தப்பு.

கே (அதே நண்பர்): மேனுவலைப் படிக்காதவர்கள் எதை ஓட்டினாலும் கெடுப்பார்கள். அதோடு பெரிய படங்களை மட்டும் சுருக்க 1200க்கு 1200 எழுதி பக்கத்தில் > குறி போட்டால் போதும். பைத்தானில் அதற்கு இஃப் எழுத வேண்டும்.

தம்ப்நெயில் தானாகவே பெரிதாக்காது, இஃப் தேவையில்லை. ஆனால் நீங்களே அந்த > குறியை எடுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் அது இமேஜ்மேஜிக்குப் போய்ச் சேராது. நீங்கள் கட்டளை தட்டும் ஷெல் அதைப் பிடுங்கிக்கொண்டு "இந்த ஃபைலில் வெளியீட்டை எழுது" என்று எடுத்துக்கொள்ளும். அடுத்து நிற்பது உங்கள் போட்டோவின் பெயர். மோக்ரிஃபை தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்த போட்டோவைத் திறந்து காலி செய்துவிடும். சைஸ் 0 பைட்.

கே (அதே நண்பர்): நட்சத்திரக் குறி போட்டுப் பல ஃபைல் கொடுத்தால் பாஷ் ஷெல் எரர் காட்டி நின்றுவிடும். பயமுறுத்தாதீர்கள்.

பாஷ் நின்றுவிடும், சரி. இசட்ஷெல் நிற்காது. அதில் மல்டிஓஎஸ் என்ற வசதி இயல்பாகவே இயங்கும், > குறிக்குப் பின்னால் நட்சத்திரம் வந்தால் பொருந்தும் எல்லா ஃபைலையும் திறந்து காலி செய்யும். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் இயல்பு ஷெல் இசட்ஷெல்தான். ஒரே வரி, மொத்த ஃபோல்டரும் முடிந்தது என்று சொன்னீர்களே, உண்மையிலேயே முடிந்துவிடும்.

கே (வேறொருவர்): அக்கா சொல்வது சரி, ஆனாலும் பைத்தான் மெதுவாகத்தானே ஓடும்?

பில்லோவின் உள்ளே கனமான வேலையெல்லாம் சி மொழியில். படத்தை விரிப்பதும் சுருக்குவதும் அங்கேதான் நடக்கிறது. கெட்பிக்சல் வைத்து ஒவ்வொரு பிக்சலாக ஃபார் லூப் ஓட்டினால் மெதுதான், அது உங்கள் கைவேலை. ஒரு ஃபோல்டர், ஒரே விதி என்றால் மோக்ரிஃபை போதும் என்று நானே சொல்வேன். இந்தப் படம் நிமிர்ந்ததா, அதில் ஒளிபுகும் பகுதி உண்டா, ஏற்கெனவே சிறியதா என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் ஸ்கிரிப்ட்தான்.

கே: ரீசைஸில் ஆன்டிஅலையாஸ் ஃபில்டர் கொடுத்தால், அப்படி ஒன்று இல்லை என்று எரர்.

பில்லோ 10இல், 2023இல், எடுத்துவிட்டார்கள். லாங்சோஸ் என்று எழுதுங்கள், இரண்டும் ஒன்றேதான்.

கே: அக்கா, சின்ன ஃபைல்தான், ஆனால் மெமரி அதிகமாக...

முதல் பதில்.

கே: லோகோ பிஎன்ஜியை ஜேபெக்காகச் சேமிக்க முடியவில்லை. ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்தால் பின்னணி கருப்பாகிவிட்டது.

ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை. வெறுமனே மாற்றினால் அந்த அடுக்கைத் தூக்கி எறிந்துவிடும், அடியில் ஒளிந்திருந்த நிறம் தெரியும், பெரும்பாலும் அது கருப்பு. அதே அளவில் வெள்ளைப் படம் ஒன்றை உருவாக்கி, லோகோவையே முகமூடியாகவும் கொடுத்து அதன்மேல் ஒட்டுங்கள். லோகோவை எதற்கு ஜேபெக் ஆக்குகிறீர்கள் என்பது வேறு கேள்வி.

கே: என் தளத்தில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். டீகம்ப்ரஷன் பாம் என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. பில்லோவின் பிக்சல் எல்லையை நன் ஆக்கிவிட்டால் போய்விடும் என்று படித்தேன்.

போய்விடும், கூடவே உங்கள் சர்வரும் ஒரு நாள் போய்விடும். 8,94,78,485 பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கை, அதைப் போல் இரு மடங்கைத் தாண்டினால் எரர். ஒரே நிறத்தில் நிரப்பிய மாபெரும் பிஎன்ஜி சில நூறு கேபிதான் இருக்கும், விரித்தால் கிகாபைட் கேட்கும், டீகம்ப்ரஷன் பாம் என்பது அதுதான். எல்லையை எடுக்காதீர்கள், உங்கள் தேவைக்கு இன்னும் குறையுங்கள். ஓபன் செய்ததும் சைஸைப் பார்த்து அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஃபைல் பெயரின் வால் ஜேபிஜி என்று இருப்பதையும் நம்பாதீர்கள், ஃபார்மட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிஎச்பியில் கெட்இமேஜ்சைஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது நீள அகலம் சொல்லும், ஃபைல் உண்மையான படம்தானா என்று உறுதி செய்யும் வேலைக்கு அதை நம்பாதீர்கள் என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது.

கே: ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் வைத்து...

வேறு ஆளைப் பாருங்கள்.

கே: நீளமான ஸ்கிரீன்ஷாட், உயரம் 22,000 பிக்சல். வெப்பியாகச் சேமித்தால் எரர், பிஎன்ஜியாகச் சேமித்தால் சரியாகப் போகிறது. பில்லோவில் பிழையா?

பில்லோ மேல் பழி இல்லை. வெப்பியில் ஒரு பக்கம் 16,383 பிக்சலுக்கு மேல் போக முடியாது, நீள அகலத்துக்கு அந்த வடிவம் ஒதுக்கியிருப்பது 14 பிட்தான். ஜேபெக்கில் 65,535 வரை இடம் உண்டு, ஆனால் எழுத்து நிறைந்த படத்தை அதில் போட்டால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். பிஎன்ஜியாகவே விடுங்கள். வெப்பிதான் வேண்டும் என்றால் கிராப் வைத்து இரண்டாக வெட்டுங்கள், வெட்டும் இடம் ஒரு எழுத்து வரியின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியதை வேறு பெயரில் சேமியுங்கள்.